ஏழு நாள் கூடாரமும் எட்டாம் நாள் வீடும்

இஸ்ரயேல் மக்களின் திருவிழாக்களுள் கூடாரப் பெருவிழா தனித்தன்மை வாய்ந்தது. விளைச்சலைக் களஞ்சியத்தில் சேர்த்து முடித்த பின், ஏழு நாள்கள் தம் வீடுகளை விட்டு வெளியேறி, மரக்கிளைகளாலும் ஓலைகளாலும் அமைத்த கூடாரங்களில் அவர்கள் தங்க வேண்டும் என்கிறது லேவியர் நூலின் 23ஆம் அதிகாரம். அதற்கான காரணத்தையும் அந்நூலே கூறுகிறது. எகிப்திலிருந்து மீட்கப்பட்ட மூதாதையர் கூடாரங்களில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறையினர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அது.

இதில் ஆழ்ந்த கல்வி நுட்பம் ஒன்று அடங்கியுள்ளது. பாலைவனப் பயணத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் போதாதா? போதாது என்று அந்த மக்களுக்கு ஆண்டவர் கற்பித்தார். கல்வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இரவில் கூரையின் இடுக்கு வழியே விண்மீனைப் பார்த்தாக வேண்டும். காற்றில் கிளை அசையும் ஓசையில் உறக்கம் கலைந்தாக வேண்டும். அப்போதுதான் தன் பாட்டனாரின் நம்பிக்கை எத்தகையது என்பது அதன் உடலுக்கே புரியும். ஏழு நாள் கூடார வாழ்வு முடிந்ததும், எட்டாம் நாள் திருப்பேரவையாகக் கூட வேண்டும் என்றும் அந்த நூல் பணிக்கிறது. இந்த எட்டாம் நாளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம். இக்கட்டுரையின் இறுதியில் அதற்குத் திரும்பி வருவோம்.

இளைஞரைக் காட்டுக்கும் மலைக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் சென்று, அங்கே நம்பிக்கையைக் கற்பிக்கும் முகாம்கள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன. அவற்றை விடுமுறைப் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் கடந்த நூற்றாண்டில் ஒரு நாட்டின் அரசு இத்தகைய முகாம்களைக் கண்டு அஞ்சியது, ஒற்றர்களை ஏவியது, இடம் கொடுத்த ஏழை விவசாயிகளுக்குத் தண்டம் விதித்தது. அந்த நாடு போலந்து. அம்முகாம்களை நடத்தியவர்களுள் ஒருவர் பின்னாளில் திருத்தந்தையானார்; மற்றொருவர் நாட்டைவிட்டு அகன்று அயல்நாட்டில் கொல்லப்பட்டார். அவ்வரலாற்றை நம் வாசகர்கள் அறிவது நலம்.

முகாமின் முன்வரலாறு

இளைஞர் முகாம் என்னும் வடிவம் திருச்சபைக்குள் பிறந்ததன்று. 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஆங்கிலேயப் படைத்தலைவர் பேடன் பவல் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களுடன் ஒரு வார காலம் கூடாரமிட்டுத் தங்கினார். செல்வர் வீட்டுப் பள்ளிகளில் பயின்றோரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் சரிசமமாகக் கலந்திருந்தனர். சிறு குழுக்களாகப் பிரிந்து, தாமே தீமூட்டிச் சமைத்து, தடம் கண்டு நடந்து, தம்முள் ஒருவரையே தலைவராக ஏற்று வாழ்ந்தனர். சாரணர் இயக்கம் அங்கே கருக்கொண்டது.

கத்தோலிக்க வட்டாரங்களில் இதற்கு முதலில் முழு வரவேற்புக் கிடைக்கவில்லை. இயற்கையை வழிபடும் போக்கோ, சமய வேறுபாட்டைப் பொருட்படுத்தாத போக்கோ இதில் புகுந்துவிடுமோ என்று பலர் ஐயுற்றனர். அவ்வையத்தை நீக்கியவருள் முதன்மையானவர் பிரெஞ்சு இயேசு சபைக் குரு ஜாக் செவென். இவர் 1913இல் இங்கிலாந்து சென்று சாரணர் வாழ்வை நேரில் கண்டார். 1920இல் பிரான்சு நாட்டில் கத்தோலிக்கச் சாரணர் இயக்கம் உருவாகத் துணைநின்றார். விளையாட்டும் காடும் நெருப்பும் நற்செய்திக்குப் பகையல்ல. அவை நற்செய்திக்கு நிலத்தைப் பண்படுத்தும் ஏர் என்பது அவரது உறுதி. 2012இல் திருச்சபை அவருடைய வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று, அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தது.

போலந்து நாட்டுச் சாரணர் இயக்கத்திற்கு மேலும் ஒரு சிறப்பு உண்டு. நாடு மூன்று பேரரசுகளுக்கிடையே துண்டாடப்பட்டிருந்த காலத்தில், 1910ஐ ஒட்டி அது தோன்றியது. மது அருந்துவதில்லை, புகை பிடிப்பதில்லை என்பது அதன் சட்டத்திலேயே இடம்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அச்சிறுவர்கள் மறைவாக இயங்கி நாட்டு விடுதலைக்குத் தொண்டாற்றினர். எனவே கூடாரம், தீ, நாட்டுப் பற்று, நம்பிக்கை ஆகியவை போலந்து இளைஞரின் மனத்தில் ஏற்கெனவே ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

போர் முடிந்து பொதுவுடைமை ஆட்சி வேரூன்றியபோது அந்தப் பிணைப்பை அறுப்பதே அரசின் முதல் வேலையாயிற்று. சாரணர் இயக்கத்தை அரசு தன் இளைஞர் அமைப்புக்குள் கரைத்துவிட்டது. கத்தோலிக்க இளைஞர் சங்கங்கள் கலைக்கப்பட்டன. 1953 செப்டம்பரில் நாட்டின் தலைமை ஆயர் கர்தினால் விஷின்ஸ்கி கைதானார், மூன்றாண்டுகள் சிறையிருந்தார். குரு ஒருவர் ஆலயத்திற்குள் மறையுரை ஆற்றலாம். ஆனால் இளைஞர் கூட்டமொன்றைக் கூட்டிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஆட்சியாளர் வகுத்த கணக்கு இதுவே. முதியோர் ஆலயத்திலேயே செபித்து முடியட்டும். இளையோர் எங்களிடம் வரட்டும்!

‘மாமா’ ஏறிய படகு

கிராக்கோவ் நகரின் தூய புளோரியன் பங்கில் 1949 முதல் 1951 வரை உதவிப் பங்குத்தந்தையாக இருந்த இளங்குரு கரோல் வொய்த்தீவா, கல்லூரி மாணவர்களின் ஆன்ம வழிகாட்டியாகவும் பணியாற்றினார். அவரைச் சுற்றிப் பாடற்குழு ஒன்றும், மெய்யியல் பயில விரும்பிய மாணவர் வட்டம் ஒன்றும் உருவாயின. 1952ஆம் ஆண்டு வசந்த காலத்தில், மலைச்சாரலில் பூத்திருந்த குரோக்கஸ் மலர்களைக் காண ஜாக்கோபானேவுக்குப் புறப்பட்ட மாணவியருக்குத் துணையாக அவரும் சென்றார். குருவுக்குரிய அங்கியின்றி, சாதாரண உடையில் இருந்தார். புகைவண்டியில் “தந்தையே” என்று அழைத்தால் அடுத்திருப்பவர் காதில் விழும்; ஆபத்து. பின் எப்படி அழைப்பது? ‘வுயெக்’ என்று அழையுங்கள் என்றார் அவர். போலந்து மொழியில் அச்சொல் மாமாவைக் குறிக்கும். தாயின் உடன்பிறந்தானுக்கே முதலில் உரிய சொல் அது. தாய்மாமன் என்ற உறவின் பொறுப்பையும் உரிமையையும் நன்கறிந்த தமிழருக்கு அந்த அழைப்பின் இனிமையை விளக்க வேண்டியதில்லை. அவர் ஆயரான பின்னும், கர்தினாலான பின்னும், திருத்தந்தையான பின்னும் அந்த வட்டத்தாருக்கு அவர் ‘மாமா’வாகவே இருந்தார்.

விஷின்ஸ்கி கைதான அதே 1953ஆம் ஆண்டில் அவர்கள் முதன்முறையாகப் பிர்தா ஆற்றில் கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகுகளில் பயணம் செய்தனர். இதற்கு ஊக்கமளித்தவர் யெஷி சியெசியெல்ஸ்கி என்ற இளம் பொறியாளர். விளையாட்டில் தேர்ந்தவர், ஆழ்ந்த செப வாழ்வினர். அவ்வாண்டு தொடங்கிய ஆற்றுப் பயணம், 1978 வரை ஏறத்தாழ ஒவ்வொரு கோடையிலும் தொடர்ந்தது.

அங்கே என்ன நடந்தது? அரசின் ஒற்றர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடிய அரசியல் சொற்பொழிவு எதுவுமில்லை. காலையில் கவிழ்த்துப் போட்ட படகே பலிபீடமாயிற்று. இரு துடுப்புகளைக் குறுக்கே கட்டினால் சிலுவை. திருப்பலி முடிந்ததும் படகுகள் நீரில் இறங்கும். ஒவ்வொரு படகிலும் இருவர். குருவின் படகில் அவரோடு துடுப்புப் போடுபவர் மாறிக்கொண்டே இருப்பார். யாருக்கு மனத்தில் சுமை இருக்கிறதோ, யாருக்குத் திருமணத்தைப் பற்றியோ வாழ்க்கைத் தொழிலைப் பற்றியோ முடிவெடுக்க வேண்டியிருக்கிறதோ, அவர் ‘மாமா’வுடன் படகேறுவார். நீரின் நடுவே ஒட்டுக்கேட்க யாருமில்லை. மாலையில் கரையேறிக் கூடாரமடித்து, தீமூட்டிச் சமைத்து, பாடி, செபித்து உறங்கினர்.

அவ்வுரையாடல்களில் குரு பேசியதைவிடக் கேட்டதே மிகுதி என்பர். அன்பு, கற்பு, இல்லறம் பற்றி அவர் எழுதிய ‘அன்பும் பொறுப்பும்’ என்ற நூல் 1960இல் வெளியானது. நூல் அச்சேறுமுன் அதன் கருத்துகளைப் படகுத் தோழர்களுடன் கலந்து பேசினார். திருமணமாகாத குரு ஒருவர் திருமணத்தைப் பற்றி எழுதத் துணிந்தது எதனால் என்று கேட்போருக்கு அந்த ஆறுகளே விடை கூறும். அவருடன் துடுப்புப் போட்ட இளைஞரும் இளம்பெண்களும் அவர் முன்னிலையில் திருமணம் புரிந்தனர். தம் குழந்தைகளையும் பின்னர் அதே ஆற்றுக்கு அழைத்து வந்தனர்.

1958 ஆகஸ்டில் லினா ஆற்றுப் பயணத்தின் நடுவே அவருக்கு வார்சாவிலிருந்து அழைப்பு வந்தது. படகில் ஒரு பகுதி, மாவு மூட்டை ஏற்றிய சுமையுந்தில் ஒரு பகுதி, பின்னர் இரவுப் புகைவண்டி என்று அவர் பயணம் செய்ததைத் தம் முதுமைக்கால நூலொன்றில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். சென்றடைந்தபோது, கிராக்கோவின் துணை ஆயராகத் தாம் நியமிக்கப்பட்ட செய்தியைக் கர்தினால் விஷின்ஸ்கியிடமிருந்து அறிந்தார். அப்போது அவருக்கு வயது 38. அச்செய்தியை ஏற்றுக்கொண்டு, உரிய கடமைகளை முடித்துவிட்டு அவர் திரும்பிச் சென்ற இடம் ஆறுதான். இளைஞர்கள் அங்கே திருப்பலிக்காகக் காத்திருந்தனர்!

சியெசியெல்ஸ்கியின் முடிவு துயரமானது. சூடான் நாட்டில் பேராசிரியப் பணிக்குச் சென்றிருந்த அவர், 1970 அக்டோபரில் நைல் நதியில் பயணக் கப்பல் மூழ்கியதில் தம் இரு குழந்தைகளுடன் உயிரிழந்தார். ஆறுகளை நேசித்த அந்தப் பொதுநிலையினரை 2013இல் திருச்சபை வணக்கத்திற்குரியவர் என்று அறிவித்தது. குடும்பத் தலைவராக, ஆசிரியராக, விளையாட்டு வீரராக, அன்றாடக் கடமைகளின் வழியே அவர் அந்நிலையை அடைந்தார் என்பது பொதுநிலையினராகிய நமக்கு ஆறுதல் தரும் செய்தி.

மரணக் கூடத்தில் கிடைத்த ஒளி

வொய்த்தீவாவின் வட்டம் சிறியது. பெரும்பாலும் கல்லூரிப் பருவத்தினரைக் கொண்டது. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பல்லாயிரமாகக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துச் சென்றவர் அருள்தந்தை பிரான்சிஷெக் பிளாக்னிட்ஸ்கி.

இவர் 1921 மார்ச் 24 அன்று சிலேசியப் பகுதியிலுள்ள ரிப்னிக் நகரில் பிறந்தார். சிறுவயதில் சாரணராக இருந்தார். இளமையில் நம்பிக்கையிலிருந்து விலகி நின்றார். 1939இல் போர் மூண்டபோது படைவீரராகப் போரிட்டார்; தோல்விக்குப் பின் மறைமுக எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார்; பிடிபட்டார். 1940 ஜூனில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் எண் 1201. பதினான்கு மாதங்களுக்குப் பின் அங்கிருந்து சிறைக்கு மாற்றப்பட்ட அவருக்கு, 1942 மார்ச்சில் ஜெர்மானிய நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கட்டோவித்சே சிறையின் மரணக் கூடத்தில் நான்கு மாதங்களுக்கு மேல் அவர் காத்திருந்தார். அடுத்தடுத்த அறைகளிலிருந்து கைதிகள் தலைவெட்டும் பொறிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

அந்த அறையில், 1942 ஜூன் 17 அன்று, ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது, உள்ளத்தில் திடீரென விளக்கேற்றியது போன்ற அனுபவம் அவருக்குக் கிட்டியது. ‘நான் நம்புகிறேன்’ என்ற உறுதி பிறந்தது. ஆகஸ்டில் அவரது தண்டனை பத்தாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. போர் முடிந்ததும் அவர் குருமடத்தில் சேர்ந்தார். 1950 ஜூன் 25 அன்று குருவானார்.

1954 கோடையில் அவர் பீடச்சிறுவர் சிலரைப் பிபியெலா என்ற காட்டுச் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். கட்டோவித்சே மறைமாவட்டத்தின் ஆயர்கள் அப்போது அரசால் வெளியேற்றப்பட்டிருந்தனர். அத்தகைய வறட்சியின் நடுவே தொடங்கிய அந்த முகாமுக்கு அவர் இட்ட பெயர் ‘கடவுளின் பிள்ளைகளின் சோலை’ என்ற பொருளுடையது. பாலைவனத்தில் நீருள்ள இடத்தைக் குறிக்கும் ‘ஓயாசிஸ்’ என்ற சொல்லையே அதற்குப் பயன்படுத்தினார்.

பதினைந்து நாள்களின் அமைப்பு

இம்முகாமின் அமைப்பு நம் செபமாலைப் பற்றுக்கு மிகவும் நெருக்கமானது. பதினைந்து நாள்கள், செபமாலையின் மரபான பதினைந்து மறைநிகழ்வுகள். நாளுக்கு ஒரு மறைநிகழ்வு என்று அவர் வகுத்தார். முதல் நாள் மங்கள வார்த்தை. மூன்றாம் நாள் கிறிஸ்து பிறப்பு. கோடை வெயிலில் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவர்! நடுவிலுள்ள ஐந்து நாள்கள் துயர மறைநிகழ்வுகளுக்குரியவை. பதினோராம் நாள் உயிர்ப்பு. பதின்மூன்றாம் நாள் தூய ஆவியாரின் வருகை. அன்று சுற்றுப்புறத்தில் நடைபெறும் முகாம்கள் பலவும் ஓரிடத்தில் ஒன்றுகூடும். இவ்வாறு திருவழிபாட்டு ஆண்டு முழுவதையும் ஒரு பிள்ளை இரண்டு வாரத்தில் தன் உடலாலும் உள்ளத்தாலும் கடந்து வந்தது.

அன்றாட ஒழுங்கில் மூன்று பழக்கங்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது ‘சந்திப்புக் கூடாரம்’. மோசே ஆண்டவரோடு உரையாடிய சந்திப்புக் கூடாரத்தைப் பற்றி விடுதலைப் பயண நூலின் 33ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தப் பெயரில், ஒவ்வொருவரும் விவிலியத்துடன் தனியே ஓரிடத்தில் சென்று அமர்ந்து, மௌனமாகச் செபிக்கும் நேரம் அது. இரண்டாவது ‘திறந்த கண்களின் பயணம்’. மலையிலும் காட்டிலும் நடந்து, படைப்பில் படைத்தவரின் சுவடுகளைத் தேடும் நடை அது. மூன்றாவது ‘மகிழ்ச்சி மாலை’. மதுவின்றி, ஆபாசமின்றி, பிள்ளைகள் தாமே அமைத்துக்கொள்ளும் பாட்டும் கூத்தும் விளையாட்டும் நிறைந்த பொழுது அது. மதுவுக்குப் பெருமளவு அடிமைப்பட்டிருந்த நாட்டில், மதுவின்றியும் மகிழலாம் என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை அனுபவித்து அறிந்தது சிறிய செய்தியன்று.

மதுவிலக்கு அவருடைய வாழ்வின் மற்றொரு தளம். 1957இல் அவர் தொடங்கிய மதுவிலக்கு அறப்போரில் சுமார் ஒரு இலட்சம் பேர் சேர்ந்தனர். மது விற்பனை அரசின் கையில் இருந்த நாட்டில் இதை ஆட்சியாளர் எவ்வாறு பொறுப்பர்? 1960 ஆகஸ்டில் அதன் மையத்தை மூடினர். 1961 மார்ச்சில் அவரைக் கைது செய்து நான்கு மாதங்கள் சிறையில் வைத்தனர். அந்தச் சிறை வேறெதுவுமன்று; பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நாத்சிகள் அவரை மரணத்திற்குக் குறித்து வைத்த அதே கட்டோவித்சே சிறை! எதிரெதிரான இரு கொள்கைகள். ஆனால் சிறைக்கதவு ஒன்றுதான்.

மலையூரின் துணிவு

விடுதலையான பின், 1963 முதல், தெற்கு மலைப்பகுதியில் துனாயெத்ஸ் ஆற்றங்கரையிலுள்ள க்ரோஷ்சியென்கோ என்ற சிற்றூர் இம்முகாம்களின் இதயமாயிற்று. பெரிய விடுதிகள் இல்லை. அரசு அனுமதியும் இல்லை. எனவே மலைவாழ் விவசாயிகளின் வீடுகளிலும் வைக்கோல் கொட்டில்களிலும் பிள்ளைகள் தங்கினர். பீடச்சிறுவர்களுக்கென்று தொடங்கியது, சிறுமியர், இளைஞர், குருமாணவர், குடும்பங்கள் என்று விரிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையை இறைமக்கள் சமூகமாகக் கண்டு, பொதுநிலையினரின் பங்கேற்பை வலியுறுத்திய காலம் அது. சங்கத்தின் போதனைகள் ஏட்டில் உறங்கிவிடாமல், பதினாறு வயதுப் பிள்ளைகள் கையில் விவிலியத்துடன் வட்டமாக அமர்ந்து வாழ்ந்து பார்த்த இடம் இதுவே.

1970களில் ஆண்டுதோறும் பல்லாயிரவர் இதில் பங்கேற்றனர். அரசு இதைத் தடுக்க மேற்கொண்ட வழி தந்திரமானது. குருவைக் கைது செய்தால் கலகம் எழும். ஆகவே வீட்டுக்காரரைத் தொட்டது. முறையாகப் பதிவு செய்யாமல் அயலாரைத் தங்க வைத்தார், சுகாதார விதிகளை மீறினார் என்றெல்லாம் குற்றம் சாட்டித் தண்டம் விதித்தது. எளிய விவசாயிக்கு அத்தண்டம் பெருஞ்சுமை. ஆயினும் அடுத்த கோடையிலும் கதவைத் திறந்தவர்கள் இருந்தார்கள். வரலாற்று நூல்களில் அவர்களின் பெயர்கள் அரிதாகவே இடம்பெறும். ஆனால் இந்த வரலாற்றின் அடித்தளம் அவர்களே. முகாமை நடத்தியவர் குரு. முகாமைக் காத்தவர் பொதுநிலையினர்.

அவர்களுக்குப் பின்னால் கிராக்கோவின் கர்தினால் நின்றார். தாமே கூடாரவாசியான வொய்த்தீவா, இம்முகாம்களின் பொருளை உடனே புரிந்துகொண்டார். 1972 ஆகஸ்டில் மலையேறி வந்து, குன்றின்மேல் பிள்ளைகளுக்குத் திருப்பலி நிறைவேற்றினார். 1973 ஜூன் 11 அன்று க்ரோஷ்சியென்கோவில் இவ்வியக்கத்தை அமலோற்பவ அன்னையின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். கர்தினால் வந்து நின்ற இடத்தைச் சட்டவிரோதக் கூட்டம் என்று கலைப்பது ஆட்சியாளருக்கு எளிதாக இல்லை. 1976இல் இயக்கம் ‘ஒளி – வாழ்வு’ என்ற பெயரை ஏற்றது. கிரேக்க மொழியில் ஒளியையும் வாழ்வையும் குறிக்கும் இரு சொற்கள் ‘ஒமேகா’ என்ற எழுத்தில் சந்தித்துச் சிலுவை வடிவாக அமைவதே அதன் அடையாளம். அறிந்த ஒளி வாழ்வாக மாறவேண்டும் என்பது அதன் பொருள்.

1979 ஜூனில் திருத்தந்தையாகத் தாய்நாடு வந்த இரண்டாம் யோவான் பவுலின் முன்னிலையில், நோவி டார்க் நகரில், ‘மனித விடுதலைக்கான அறப்போர்’ என்ற புதிய மதுவிலக்கு முயற்சியை பிளாக்னிட்ஸ்கி தொடங்கினார். அடிமைப்பட்டோர் விடுதலை பெறத் தாம் மதுவை விட்டுவிடுவதாகப் பலர் கையொப்பமிட்டனர்.

1981 டிசம்பர் 10 அன்று அவர் உரோமை சென்றார். மூன்றே நாள்களில் போலந்தில் இராணுவ ஆட்சி அறிவிக்கப்பட்டது. திரும்பும் வழி அடைபட்டது. 1982இல் மேற்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்பெர்க்கில் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். 1987 பிப்ரவரி 27 அன்று அங்கே திடீரென இறந்தார். இயல்பான மரணம் என்றே முதலில் கூறப்பட்டது. ஐயம் மட்டும் ஓயவில்லை. புதிய விசாரணைக்குப் பின், அவர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார் என்று போலந்து நாட்டின் தேசிய நினைவுக் கழகம் 2023 மார்ச்சில் அறிவித்தது. பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்ற குரு ஒருவரை உயிரோடு விட்டுவைக்க அஞ்சும் அளவுக்கு, பீரங்கியும் ஒற்றர்படையும் கொண்ட ஓர் அமைப்பு நடுங்கியிருக்கிறது! 2000ஆம் ஆண்டில் அவரது உடல் க்ரோஷ்சியென்கோவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவிக்க ஒப்புதல் அளித்தார்.

எட்டாம் நாள்

இவ்வரலாற்றை வாசிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. ஆலய மறையுரையைப் பொறுத்துக்கொண்ட அரசு, கூடாரத்தைப் பொறுக்காதது ஏன்?

அச்சத்தில் வளரும் சமூகத்தில் மனிதர் ஒருவரையொருவர் நம்புவதில்லை. அரசின் வலிமையே அந்த நம்பிக்கையின்மையில்தான் இருந்தது. ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே பானையில் உண்டு, மழையில் ஒருவர் சுமையை மற்றவர் தூக்கிய பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொண்டனர். உண்மையைப் பேசப் பழகினர். திருச்சபை என்பது கட்டடமும் அதிகாரமும் மட்டுமல்ல, தாங்களும்தான் என்று கண்டுகொண்டனர். இதை ஒற்றரும் கண்டிருப்பர். அச்சத்தின் காரணம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

எனினும் முகாமைப் பற்றிய ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. மலையுச்சியின் ஆனந்தம் எளிது. தோற்றமாற்ற மலையில் பேதுருவும் மூன்று கூடாரங்கள் அமைத்து அங்கேயே தங்கிவிட விரும்பினார். ஆண்டவரோ அவரைக் கீழே அழைத்து வந்தார். அடிவாரத்தில் நோயுற்ற பிள்ளையுடன் ஒரு தந்தை காத்திருந்தார். தீயைச் சுற்றிப் பாடிய பாடல் வீடு திரும்பிய ஒரு வாரத்தில் மறந்துபோகும். கண்ணீருடன் எடுத்த வாக்குறுதி பள்ளி திறந்ததும் கரைந்துபோகும். பிளாக்னிட்ஸ்கி இதை நன்கறிந்திருந்தார். ஆகவே முகாமை அவர் முடிவாகக் கருதவில்லை. கோடையின் பதினைந்து நாள்களுக்குப் பின், ஆண்டு முழுவதும் பங்கில் சிறு குழுக்களாகக் கூடி விவிலியம் வாசித்துப் பகிர்வதையும், ஆண்டுதோறும் படிப்படியாக முன்னேறும் பயிற்சியையும் கட்டாயமாக்கினார். கோடையில் பெற்ற ஒளி குளிர்காலத்தில் வாழ்வாக வேண்டும் என்பதே அவர் ஏற்பாடு. லேவியர் நூல் கூறும் எட்டாம் நாள் திருப்பேரவையின் பொருளும் இதுதானோ என்று எண்ணத் தோன்றுகிறது. கூடாரம் பிரிக்கப்பட்ட மறுநாள், மக்கள் சமூகமாகக் கூடுகின்றனர்.

வொய்த்தீவா தம் ஆற்றங்கரை அனுபவத்தைத் திருத்தந்தையான பின்னும் கைவிடவில்லை. 1986 முதல் கொண்டாடப்படும் உலக இளையோர் நாள் அவர் தொடங்கியதே. பெர்லின் சுவர் வீழ்ந்தபின், 1991 ஆகஸ்டில் அது போலந்தின் செஸ்டோகோவாவில் நடந்தபோது, சோவியத் நாட்டு இளைஞரும் எல்லை கடந்து வந்து கலந்துகொண்டனர். 1986 பிப்ரவரி 5 அன்று அவர் சென்னைக்கு வந்தபோது திரளில் நின்று கண்டவர்கள் நம் வாசகரில் பலர் இருக்கக்கூடும். வெண்ணங்கியில் நாம் கண்ட அந்த மனிதரின் தோள்கள், துடுப்புப் போட்டு உரமேறிய தோள்கள் என்பதை அன்று எத்தனைபேர் அறிந்திருந்தோம்?

நம் பங்குகளிலும் கோடை விடுமுறையில் இளைஞர் முகாம்கள் நடைபெறுகின்றன. பல இடங்களில் அவை ஓர் அரங்குக்குள், ஒலிபெருக்கியின் முன், உரைகளின் தொடராகவே முடிந்துவிடுகின்றன. பிள்ளைகள் அமர்ந்து கேட்கின்றனர், சான்றிதழ் பெறுகின்றனர், வீடு திரும்புகின்றனர். பேசுவதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நமக்கும் மலைகளும் ஆறுகளும் கடற்கரைகளும் உண்டு. நீரிலும் மலையிலும் தேவைப்படும் பாதுகாப்பை முறையாகச் செய்துகொண்டு, பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் துணிவு பெற்றோருக்கும் பங்குச் சமூகத்திற்கும் வேண்டும். அதைவிட மிகுதியாக, அவர்கள் திரும்பி வரும் எட்டாம் நாளுக்கு நாம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காட்டில் நம்பிக்கையைக் கண்டு வந்த பிள்ளை, அதைப் பகிர்ந்துகொள்ளப் பங்கில் ஒரு சிறு குழுவைக் காணுமா? வீட்டில் அதன் பேச்சைக் கேட்க யாராவது அமர்வார்களா?

க்ரோஷ்சியென்கோவின் விவசாயிகள் இளைஞருக்கு உரை நிகழ்த்தவில்லை. வைக்கோல் கொட்டிலின் கதவைத் திறந்துவிட்டனர், தண்டம் செலுத்தினர், அடுத்த ஆண்டும் திறந்தனர். பொதுநிலையினராகிய நம்மிடம் கேட்கப்படுவதும் பெரும்பாலும் இவ்வளவே.